நீண்ட ஃபேண்டஸி தொடர்கள்: அத்தனை பக்கங்களுக்கும் தகுதியானவை எவை?

நண்பர் ஒருவர் கேட்டது இது: "எபிக் ஃபேண்டஸி படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எதை எடுத்தாலும் பத்து பாகம், பதினாலு பாகம் என்கிறார்கள். அத்தனை ஆயிரம் பக்கங்களுக்கும் அந்தக் கதைகள் தகுதியானவைதானா? எதிலிருந்து தொடங்குவது? முடிவு வராமல் நிற்கும் தொடர்களைத் தொடலாமா?"

சில தொடர்கள் நிச்சயம் தகுதியானவை. பல தொடர்கள் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கவனிப்பது ஒன்றைத்தான்: முன்பு நடந்ததைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறதா? முதல் பாகத்தில் பட்ட காயம் நான்காம் பாகத்தில் வலிக்க வேண்டும். யோசிக்காமல் கொடுத்த வாக்கு ஆயிரம் பக்கம் தாண்டி வந்து கழுத்தைப் பிடிக்க வேண்டும். செத்தவரின் இடம் காலியாகவே கிடக்க வேண்டும். இதெல்லாம் நடக்கிற கதை எத்தனை பாகம் போனாலும் நான் கூடவே போவேன். ஒவ்வொரு பாகத்திலும் புது எதிரி, புது நகரம், புது ஆயுதம் என்று மாறிக்கொண்டே இருந்து, ஆட்கள் மட்டும் முதல் நாள் பார்த்தபடியே இருந்தால் மூன்று பாகமே அதிகம்.

டோல்கீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது போர்களும் எரிமலையும்தான். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு தேதி. முதல் பாகத்தில், வெதர்டாப் குன்றின் மேல், அக்டோபர் 6 இரவில் கதாநாயகன் ஃப்ரோடோவின் இடது தோளில் ஒரு சபிக்கப்பட்ட கத்தி இறங்குகிறது. ரிவண்டெல் என்ற எல்ஃப்களின் ஊரில் வைத்தியம் பார்த்துக் குணமாக்குகிறார்கள். கதை மேலே போகிறது, அதை நாம் மறந்தே போகிறோம். அழிக்கப் புறப்பட்ட தீய மோதிரம் அழிந்து, போர் முடிந்து, அரசனுக்கு முடிசூட்டலும் ஆன பிறகு, வீடு திரும்பும் வழியில் ஓர் ஆற்றைக் கடக்க வருகிறார்கள். ஃப்ரோடோ பேச்சற்றுப் போகிறான். வலிக்கிறதா என்று மந்திரவாதி காண்டால்ஃப் கேட்கிறார். அன்றைக்குச் சரியாக ஒரு வருடம். ஊருக்குப் போன பிறகும் அந்தத் தேதி வரும்போதெல்லாம் அவன் ஒடுங்கிப் போகிறான். மார்ச்சில், இன்னொரு காயத்தின் நாளிலும் அப்படியே. கூட இருப்பவர்களிடம் அதை மறைக்கவும் பார்க்கிறான். அவன் ஏன் கடைசியில் கப்பல் ஏறுகிறான் என்பதற்கு ஆசிரியர் நீண்ட விளக்கம் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. இந்தத் தேதிகளே சொல்லிவிடுகின்றன. இருநூறு பக்க நாவலில் இதைச் செய்ய முடியாது. மறக்கிற அளவுக்கு நமக்கு நேரம் கொடுத்தால்தான் அந்த வலி திரும்பி வரும்போது சுடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஃபேண்டஸி என்றால் மூன்று பாகம் என்ற பழக்கம் அந்த நூலிலிருந்து வந்தது என்பார்கள். டோல்கீன் அதை ஒரே நூலாகத்தான் எழுதினார். உள்ளே ஆறு பகுதிகள் உண்டு. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலை ஏறிக்கிடந்ததால், பதிப்பாளர்கள் 1954, 1955 ஆண்டுகளில் அதை மூன்று புத்தகங்களாகப் பிரித்துப் போட்டார்கள். அச்சுச் செலவுக்காக எடுத்த முடிவு பின்னால் வந்தவர்களுக்கு இலக்கணமாகிவிட்டது. அதனால் "இது முத்தொகுதி, ஆகவே கச்சிதமாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் அதற்கு நான் மதிப்பு கொடுப்பதில்லை. எத்தனை பாகம் என்பதை வைத்து ஒரு கதையின் கட்டுமானத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஞாபகம் என்ற விஷயத்தில் எனக்கு எல்லோரையும்விட மேலாகத் தெரிபவர் ராபின் ஹாப். 1995-இல் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' என்று தொடங்கி 2017-இல் 'அசாசின்ஸ் ஃபேட்' வரை, ஒரே உலகத்தில் பதினாறு நாவல்கள். அவற்றில் ஒன்பது ஃபிட்ஸ் என்பவனின் கதை. பட்டத்து இளவரசனுக்கு முறைதவறிப் பிறந்த மகன், அரண்மனைக்காக ரகசியக் கொலையாளியாக வளர்க்கப்படுகிறவன். முதல் நாவலின் முடிவில் அவனுக்கு விஷம் வைக்கிறார்கள். தப்பித்துவிடுகிறான். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் இரண்டாம் பாகம் அவன் வாளோடு நிற்பதில் தொடங்கியிருக்கும். 'ராயல் அசாசின்' தொடங்கும்போது அவனுக்குக் கை நடுங்குகிறது, வலிப்பு வருகிறது, இனி அரண்மனைக்கு என்னால் பயனில்லை என்று பதின்ம வயதுப் பையன் ஒருவன் நொந்துபோய்க் கிடக்கிறான்.

அதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. அந்த உலகத்தில் மனத்தோடு மனம் பேசும் 'ஸ்கில்' என்ற ஆற்றல் உண்டு. அதைப் பயன்படுத்தினால் மண்டை பிளக்கும். வலி தணிய எல்ஃப்பார்க் என்ற மரப்பட்டையைத் தேநீர் மாதிரி காய்ச்சிக் குடிப்பார்கள். ஃபிட்ஸும் குடிக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் குடிக்கிறான். வாசகராகிய நமக்கு அது வெறும் அரண்மனை வழக்கம், கண்ணில்கூடப் படாது. மூன்றாம் பாகத்தில், பயணத்தின் நடுவே, ஒரு கிழவி அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: இது அந்த ஆற்றலையே அழிக்கும், மனத்தைச் சோர்வில் தள்ளும், உனக்கு யாரும் சொல்லவில்லையா? அந்த ஒரு கேள்வியில் முந்தைய இரண்டு பாகங்களும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கின்றன. அவனுடைய தோல்விகளில் எது அவன் இயல்பு, எது அந்தக் கோப்பையிலிருந்து வந்தது? திரும்பிப் போய்ப் படிக்கத் தோன்றுகிறதே, அதுதான் தொடர் நாவலால் மட்டும் தர முடிகிற இன்பம். டிராகனும் மாயாஜாலமும் மற்ற வடிவங்களிலும் கிடைக்கும்.

ஹாப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் மூன்றை முடித்த பலர், ஃபிட்ஸ் இல்லை என்பதற்காக 'லிவ்ஷிப் டிரேடர்ஸ்' என்ற அடுத்த மூன்றைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். பேசும் கப்பல்களும் கடன்பட்ட வணிகக் குடும்பமும் வருகிற அந்தக் கதையில்தான் அந்த உலகத்தின் ஆழமான ரகசியம் இருக்கிறது. மால்டா என்ற பெண் முதல் பாகத்தில் அறைய வேண்டும் போல எரிச்சலூட்டுவாள். மூன்றாம் பாகத்தில் அவளுக்காகப் பயந்துகொண்டிருப்பீர்கள். கதாபாத்திர வளர்ச்சி என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதை இவ்வளவு நேர்மையாகச் செய்தவர்கள் குறைவு.

அடுத்து, நீளத்துக்கே பெயர்போன ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்'. முன்கதையைச் சேர்க்காமல் பதினான்கு பாகம். இதைப் பற்றிக் கேள்விப்படாமல் யாரும் இந்த வகைக்குள் வர முடியாது. கேள்விப்படுவதில் பாதி புகார். பெண்கள் ஓயாமல் சடையை இழுக்கிறார்கள், பாவாடையை நீவுகிறார்கள், உடைகளின் வேலைப்பாடு பத்தி பத்தியாக வருகிறது. எல்லாம் உண்மை. நடுவில் தொய்வதும் உண்மை. ஒன்பதாம் பாகமான 'விண்டர்ஸ் ஹார்ட்' 2000-இல் பிரமாண்டமான ஒரு நிகழ்வோடு முடிகிறது. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து 2003-இல் பத்தாம் பாகத்தைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அதே நிகழ்வை ஊருக்கு ஊர் மற்றவர்கள் தூரத்திலிருந்து உணர்ந்து, அது என்னவாக இருக்கும் என்று திகைப்பதுதான் பெரும்பகுதி. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எல்லாத் தொடர்களுக்கும் அது பொருந்தும். முதல் பாகத்தில் கதையை ஏறத்தாழ ஒரே ஆளின் கண் வழியாகப் பார்க்கிறோம். குழு பிரிகிறது, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பார்வைக் கோணம். அந்தக் கிளை போய்ச் சேரும் நாட்டில் ஓர் அரசி, அவளுக்கு ஒரு எதிரி, அந்த எதிரிக்கும் ஓர் அத்தியாயம். பத்துப் பதினைந்து பேரின் கதையை ஒரே நாட்காட்டியில் கட்டி இழுக்கும்போது, ஒருவரை ஒரு வாரம் நகர்த்தினால் எல்லோரையும் நகர்த்தியாக வேண்டும். எழுநூறு பக்கம் எழுதியும் கதைக்குள் சில நாள்களே ஓடியிருக்கும். எழுதுபவரின் சோம்பலோ பேராசையோ இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கதைக்குள் வந்த யாரையும் வெளியே அனுப்ப மனம் வராததுதான் காரணம். வெட்டத் துணிகிற எழுத்தாளர்களிடம் இந்த வீக்கம் குறைவு.

ஆனாலும் ஜோர்டானை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பாகத்தில், பேர்லன் நகரத்து விடுதியில், மின் என்ற பெண் வருகிறாள். மனிதர்களைச் சுற்றி அவளுக்கு உருவங்கள் தெரியும். பொருள் எல்லா நேரமும் தெரியாது. மாட் என்ற விளையாட்டுப் பையனைச் சுற்றி அவள் பார்ப்பவற்றில் ஒன்று, தராசில் ஒரு கண். அவ்வளவுதான், ஒரு வரி. அந்த நூல் வந்தது 1990-இல். அந்தக் கண்ணுக்கு என்ன பொருள் என்பது பதின்மூன்றாம் பாகத்தில் தெரிகிறது. அது வந்தது 2010-இல். நடுவில் 2007-இல் ஜோர்டான் இறந்துபோனார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், மிச்சக் கதையை எழுத பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டான் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதிவைத்த பகுதிகளையும் கொண்டு, ஒரே பாகமாக இருக்க வேண்டிய முடிவை சாண்டர்சன் மூன்று பாகங்களாக எழுதி 2013-இல் முடித்தார். இருபது வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய வரிக்கு இன்னொருவர் நியாயம் செய்திருக்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. சடை இழுப்பையெல்லாம் மன்னித்தேன்.

இன்னொரு நடைமுறை விஷயம்: இந்தத் தொடரைப் பற்றிய கடுமையான வசைகள் பெரும்பாலும் காத்திருந்து படித்தவர்களுடையவை. இப்போது எல்லாப் பாகங்களும் கைக்கு எட்டுகின்றன. வருடக்கணக்கில் காத்திருந்து கிடைக்கும் மந்தமான பாகம் துரோகம் மாதிரி இருக்கும். அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது அது ஒரு மெதுவான வாரம், அவ்வளவே. ஏழிலிருந்து பத்து வரை வேகமாகப் புரட்டுங்கள், குற்றமில்லை. ஆறாம் பாகத்தின் கடைசி அத்தியாயங்களையும், எக்வீன் என்ற பெண், மாய ஆற்றலுள்ள பெண்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்துக்குள் தனி ஆளாக நிற்கும் பகுதிகளையும் மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் சிக்கலும் நாட்காட்டிச் சிக்கல்தான், ஆனால் வேறு விதம். 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று தொலைக்காட்சியில் வந்த கதை) அவர் முத்தொகுதியாகத் திட்டமிட்டது. 1996-இல் முதல் நாவல் வந்தது, 2000-இல் மூன்றாவது. அவருடைய முக்கியப் பாத்திரங்களில் பலர் குழந்தைகள். அவர்கள் வளர வேண்டும் என்பதற்காக மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கதையில் ஐந்து வருடம் தாண்டிவிட நினைத்தார். குழந்தைகளுக்கு அது பொருந்தியது. பெரியவர்களுக்கு? அப்போதுதான் பதவிக்கு வந்தவர்கள் ஐந்து வருடம் ஒன்றும் நடக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று எப்படி எழுதுவது? அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். தாண்ட நினைத்த காலத்தையெல்லாம் எழுத வேண்டியதாயிற்று. அது பெருத்து, ஊர்வாரியாக இரண்டு நூல்களாகப் பிரிந்து, 2005-இலும் 2011-இலும் வந்தது. அதற்குப் பிறகு அடுத்த பாகம் வரவில்லை.

நான்காவது நூலைப் பலர் சப்பென்று இருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். போர் முடிந்த நாட்டில் யார் மிஞ்சுகிறார்கள் என்பதை அது காட்டுகிறது: எரிந்த கிராமங்கள், வேலையில்லாத வீரர்கள், அவர்கள் நடுவே நடந்து போகும் பிரியன் என்ற பெண். முதல் மூன்று நூல்களில் பிரபுக்கள் ஆடிய ஆட்டத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஞாபகம் என்று நான் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

உலக உருவாக்கம், மேஜிக் சிஸ்டம் (மாயம் எந்த விதிகளில் இயங்குகிறது என்பது) பற்றியும் கேட்பீர்கள். வரைபடமும் வம்சாவளியும் இருப்பதால் மட்டும் ஒரு நூலை நான் மதிக்க மாட்டேன். ஒரு விதி எப்போது உயிர் பெறும் என்றால், ஓர் ஆள் அதற்குள் மாட்டிக்கொள்ளும்போதுதான். சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' முதல் நாவலில் (2006) சிலர் உலோகத் துகள்களை விழுங்கி உள்ளே 'எரிப்பார்கள்'. எஃகை எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தைத் தள்ளலாம். நாணயத்தைத் தரையில் எறிந்து தள்ளினால், நாணயத்துக்குப் போக வழியில்லை. தள்ளியவர்தான் மேலே பறப்பார். எடை குறைந்தது நகரும், அவ்வளவுதான் விதி. அதை நாமும் தெருவில் வளர்ந்த வின் என்ற பெண்ணோடு கற்றுக்கொள்கிறோம். அதனால் சண்டையில் அவள் கையில் நாணயம் தீர்ந்துபோகும்போது நமக்கும் பதறுகிறது. வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் மாயத்தைக் கொண்டு சிக்கலை அவிழ்க்கலாம் என்று சாண்டர்சனே எழுதியிருக்கிறார். சரியான பேச்சு. காண்டால்ஃபால் என்னென்ன முடியும் என்று நமக்குக் கடைசி வரை தெரியாது. அது உறுத்தாததற்குக் காரணம், மோதிரத்தின் சிக்கலை அவருடைய மாயம் தீர்ப்பதில்லை என்பதே.

ஸ்டீவன் எரிக்சனின் பத்துப் பாக 'மலாசன்' (1999 முதல் 2011 வரை) பற்றி ஒரே வார்த்தை: முதல் தொடராக அதைத் தொடாதீர்கள். எதையும் விளக்காமல் நடுப்போரில் இறக்கிவிடுவார். இந்த வகையில் பழகிய பிறகு போனால், இரண்டாம் நாவலில் கோல்டேன் என்ற தளபதி அகதிகளைக் காத்துப் பாலைவனம் கடக்கும் பகுதிக்காகவே அந்தச் சிரமம் தகும்.

இத்தனை தடித்த நூல்களைச் சொன்ன பிறகு, நான் மிக உயர்வாக மதிக்கும் தொடர் மெல்லிய நூல்களால் ஆனது என்றால் ஆச்சரியமாக இருக்கலாம். உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ'. முதல் நாவல் 1968-இல் வந்தது. இருநூறு பக்கம் இருந்தால் அதிகம். கெட் என்ற ஆட்டிடையன் மந்திரவாதப் பள்ளியில் கர்வத்தால் ஒரு நிழலை வரவழைத்துவிடுகிறான். முகத்தில் தழும்பு, மின்னல் மாதிரி இருந்தவன் பேச்சும் நடையும் மெதுவாகிப் போகிறான். அந்தத் தழும்போடுதான் மிச்ச வாழ்க்கை. அந்த நாவலின் தொடக்கத்திலேயே, பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்ற பொருளில் ஊர்ப் பழமொழிகள் வந்து போகும். பள்ளியிலும் ஆண்கள் மட்டும்தான். மூன்று நாவல்கள் அதைக் கேள்வி கேட்காமல் 1972-இல் முடிந்தன. 1990-இல் லெ குவின் 'டெஹானு'வோடு திரும்பி வந்தார். அதில் முக்கியமானவள் நடுவயது தாண்டிய விதவை, பண்ணை பார்க்கிறவள். தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறாள். அந்தப் பழமொழியை அப்போது எடுத்து நடுவில் வைக்கிறார் ஆசிரியர். அந்த உலகத்தை மாற்றி எழுதவில்லை, அதன் சட்டங்களை மீறவில்லை. இதுவரை நாம் எங்கிருந்து பார்க்கவில்லையோ அங்கிருந்து காட்டுகிறார். சாகசம் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். என்னைக் கேட்டால், இந்த வகை இலக்கியத்தில் இதைவிடத் துணிச்சலான நாலாம் பாகம் இல்லை.

என். கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' வரிசையும் (2015 முதல் 2017 வரை) மூன்றே நூல்கள். மூன்றுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில், ஃபேண்டஸிக்கும் அறிவியல் புனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது கிடைத்தது. 'நீ' என்று நம்மை நோக்கிப் பேசும் அந்த நடைக்கு முதலில் பழக வேண்டும். ஏன் அப்படிப் பேசுகிறது என்று தெரியவரும்போது பழகியதற்குப் பலன் உண்டு.

முடியாத தொடர்களுக்கு வருகிறேன். எழுத்தாளர் நமக்குத் தேதி கடன்பட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நம் நேரம் நம்முடையது. அதனால் பாகத்துக்குப் பாகம் பார்க்க வேண்டும்: இதோடு நின்றாலும் இந்த நூல் நமக்கு முழுமையாக ஏதாவது தருகிறதா? மார்ட்டின் விஷயத்தில் என் பதில் ஆம். மூன்றாம் நாவல் வரை படித்து நிறுத்தினாலும் ஒரு பெரிய போர் தொடங்கி உடைந்து முடிவதை முழுக்கப் பார்த்திருப்பீர்கள். பாட்ரிக் ராத்ஃபஸின் 'தி கிங்கில்லர் க்ரானிக்கிள்' தொடரில் 2007-இலும் 2011-இலும் இரண்டு நாவல்கள் வந்தன, மூன்றாவது வரவில்லை. அழகான வாக்கியங்கள் எழுத அவருக்கு இணை குறைவு. ஆனால் அந்தக் கதை முழுக்க ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது: இவ்வளவு பெரிய வீரன் ஏன் இப்படிப் பெயர் மறைத்து ஒரு மூலையில் விடுதி நடத்துகிறான்? பதில் மூன்றாவதில்தான். பதில் இல்லாமல் விடுவது உங்களுக்குத் தாங்காது என்றால் தொடாதீர்கள்.

தொடங்குவதற்கு: 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. ஓரிரு நாளில் முடியும். இந்த வகையின் மொழி உங்களுக்கு ஒத்துவருமா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒத்துவந்தால் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்'. மெதுவாகத்தான் போகும், நாய்களோடு லாயத்தில் வளரும் பையனின் தனிமை உங்களைப் பிடித்துக்கொண்டால் பதினாறையும் படிப்பீர்கள், பிடிக்கவில்லை என்றால் நூறு பக்கத்தில் விட்டுவிடலாம். வேகமும் திட்டமும் சண்டையும் வேண்டும் என்றால் 'மிஸ்ட்பார்ன்'. எதைப் படித்தாலும் வெளியான வரிசையிலேயே படியுங்கள். கதைக்காலப்படி முன்னால் நடப்பதாயிற்றே என்று ஜோர்டானின் முன்கதையான 'நியூ ஸ்பிரிங்' அல்லது டோல்கீனின் 'சில்மரிலியன்' நூலில் தொடங்கினால், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்ற அக்கறை பிறக்கும் முன்பே பெயர்களில் மூழ்கிப்போவீர்கள். 'தி வீல் ஆஃப் டைம்' அதற்குப் பிறகு, கையில் ஒரு நீண்ட விடுமுறை இருக்கும்போது.